புது வீட்டில் செல்லப்பிராணி

மின்தூக்கிக்கு அருகே ஒட்டப்பட்டிருக்கும் அறிவிப்புகளுக்கு நடுவே, "எங்கள் பூனையைக் காணவில்லை" என்ற அறிவிப்பும் சில வேளைகளில் நம் கண்ணில் படும். விசாரித்துப் பார்த்தால், அந்தக் குடும்பம் அண்மையில்தான் அந்தப் புளோக்கிற்குக் குடிவந்திருக்கும். சாமான்களை இறக்கும் பரபரப்பில் கதவு திறந்தே கிடந்திருக்கும். பூனை எப்போது வெளியேறியது என்பதை ஒருவரும் கவனித்திருக்கமாட்டார்கள்.

புது வீட்டிற்குக் குடிபோவது நமக்கு மகிழ்ச்சி தரும் நிகழ்வு. எந்த அறை யாருக்கு, எந்தச் சுவருக்கு என்ன வண்ணம் என்று பல நாள் பேசி நம் மனத்தைத் தயார்ப்படுத்திக்கொள்கிறோம். செல்லப்பிராணிக்கோ அந்த வாய்ப்பு இல்லை. ஒரு நாள் காலையில் பெட்டிகள் குவிகின்றன. முன்பின் தெரியாதவர்கள் வந்து போகிறார்கள். மாலைக்குள் அது அறிந்த இடமே இல்லாமல் போய்விடுகிறது. அதனால் அது மிரள்வதில் வியப்பில்லை.

இந்த மாற்றம் எல்லாப் பிராணிகளையும் ஒரே விதமாகப் பாதிப்பதில்லை. பூனை தன் இடத்தை மணத்தால் அறிகிறது. அதன் கன்னங்களிலும் தாடையிலும் மணச் சுரப்பிகள் உள்ளன. நாற்காலிக் கால்களிலும் கதவோரங்களிலும் அது முகத்தைத் தேய்ப்பது தன் மணத்தைப் பதித்து, 'இது என் இடம்' என்று அடையாளமிடுவதற்காகத்தான். புது வீட்டில் அத்தகைய அடையாளம் எதுவும் இருக்காது. ஆகவே, பூனை கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். அல்லது பழைய இடத்தைத் தேடி ஓடப் பார்க்கும். நாயோ தன்னை வளர்ப்பவர்களையும் அன்றாடப் பழக்கத்தையும் பெரிதும் சார்ந்து வாழ்கிறது. உணவு நேரமும் நடைப்பயிற்சி நேரமும் மாறினால் அது கலக்கமடையும்.

எனவே, வீடு மாறுவதற்கு ஓரிரு வாரங்களுக்கு முன்பே ஆயத்தத்தைத் தொடங்கவேண்டும். பூனையைக் கொண்டுசெல்லும் கூண்டை வீட்டின் ஒரு மூலையில் திறந்து வையுங்கள். அதனுள் ஒரு பழைய துணியை விரித்து, அவ்வப்போது உணவும் வையுங்கள். கூண்டு பழகிய இடமாகிவிட்டால், பயண நாளன்று பூனையைத் துரத்திப் பிடிக்கவேண்டியிருக்காது.

சாமான்களை ஏற்றும் நாளில், பிராணியை ஓர் அறையில் விட்டுக் கதவை மூடிவிடுங்கள். "உள்ளே பூனை இருக்கிறது, திறக்காதீர்கள்" என்று எழுதிக் கதவில் ஒட்டுங்கள். மேலே கூறிய அறிவிப்பைத் தவிர்க்க இந்தச் சிறு தாளே போதும். சிங்கப்பூரில் வழிகாட்டி நாய்களைத் தவிர மற்றப் பிராணிகளைப் பெருவிரைவு ரயிலிலோ பேருந்திலோ ஏற்ற அனுமதி இல்லை. எனவே, பிராணிகளை ஏற்றிச்செல்லும் வாகனத்தை முன்கூட்டியே ஏற்பாடு செய்யவேண்டும்.

புது வீட்டை அடைந்ததும் பூனையை வீடு முழுவதும் உலவ விடாதீர்கள். முதலில் ஓர் அறை போதும். உணவு, நீர், மணல் தட்டு ஆகியவற்றோடு அதன் பழைய விரிப்பையும் அங்கு வையுங்கள். புது வீட்டிற்காக அதைத் துவைத்துவிடக் கூடாது. அதிலுள்ள பழைய மணமே பூனைக்கு ஆறுதல். அது அச்சம் நீங்கி உண்ணத் தொடங்கிய பிறகு, மற்ற அறைகளை ஒவ்வொன்றாகத் திறந்துவிடலாம். ஒரு நாளுக்கு மேல் எதையும் உண்ணாவிட்டால் கால்நடை மருத்துவரை நாடுவது நல்லது. நாய்க்கு முன்பு போலவே அதே நேரத்தில் உணவு கொடுத்து, அதே நேரத்தில் நடக்க அழைத்துச் செல்லுங்கள். சன்னல்களில் வலை பொருத்தும் வேலையைக் குடிபுகுவதற்கு முன்பே முடித்துவிடவேண்டும். பத்தாம் மாடியிலிருந்து ஒரு பறவையைப் பிடிக்கத் தாவும் பூனைக்கு உயரத்தின் ஆபத்து தெரியாது.

மீன் வளர்ப்பவர்கள் அறிந்திருக்கவேண்டிய உண்மை ஒன்று உண்டு. மீன்களின் கழிவிலிருந்து அம்மோனியா என்னும் நச்சுப்பொருள் உண்டாகிறது. தொட்டியின் வடிகட்டியில் வாழும் நுண்ணுயிரிகள் அதை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நாம் அழுக்கு என்று நினைத்து வடிகட்டிப் பஞ்சைக் குழாய்நீரில் கழுவினால், நீரில் கலந்துள்ள கிருமிக்கொல்லி அந்த நுண்ணுயிரிகளையும் அழித்துவிடும். தொட்டி பளிச்சென்று இருக்கும். சில நாள்களில் மீன்கள் மடியும். ஆகையால், பஞ்சைப் பழைய தொட்டி நீரிலேயே நனைத்து வைத்துக் கொண்டுசெல்லவேண்டும்.

சட்டத்தையும் நாம் மறக்கக் கூடாது. வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் பூனை வளர்க்க 2024 செப்டம்பர் 1ஆம் தேதி முதல் அனுமதி உண்டு. அத்தகைய ஒரு வீட்டில் பொதுவாக இரண்டு பூனைகளும், அனுமதிக்கப்பட்ட சிறிய இனத்தைச் சேர்ந்த ஒரு நாயும் வளர்க்கலாம். தனியார் வீட்டில் பெரிய நாயை வளர்த்த குடும்பம் கழக வீட்டிற்கு மாறும்போது இங்குதான் சிக்கல் எழுகிறது. "இடமில்லை" என்று பிராணியைத் தெருவில் விட்டுச்செல்வது குற்றம். அதற்கு 10,000 வெள்ளி வரை அபராதமோ 12 மாதம் வரை சிறையோ விதிக்கப்படலாம். வீட்டைத் தேர்ந்தெடுக்கும்போதே நாயையும் நினைவில் கொண்டால் இந்த நிலை ஏற்படாது. வேறு வழியே இல்லையென்றால், போதிய கால அவகாசத்துடன் அதற்கு நல்ல இல்லம் ஒன்றைத் தேடித் தரவேண்டும்.

இறுதியாக, முகவரி. பிராணியின் தோலுக்கடியில் பொருத்தப்படும் நுண்சில்லு ஓர் அரிசி அளவே இருக்கும். அதில் இருப்பது ஓர் எண் மட்டுமே. பிராணி காணாமற்போனால், அந்த எண்ணைக் கொண்டுதான் பதிவேட்டில் உரிமையாளரைத் தேடுவார்கள். பதிவேட்டில் பழைய முகவரியும் பழைய தொலைபேசி எண்ணும் இருந்தால், பிராணி கிடைத்தும் வீடு திரும்ப முடியாது. வங்கிக்கும் பள்ளிக்கும் புது முகவரியைத் தெரிவிக்கும் நாம், தேசியப் பூங்காக் கழகத்தின் பதிவிலும் அதை மாற்றிவிடவேண்டும்.

வீடு மாறவேண்டும் என்று முடிவெடுப்பவர்கள் நாம். செல்லப்பிராணி நம்மை நம்பி உடன் வருகிறது. சில வாரங்கள் பொறுமையோடு கவனித்துக்கொண்டால், ஒரு நாள் அது புதுக் கதவோரத்தில் தன் முகத்தைத் தேய்க்கும். அன்று முதல் அது அதற்கும் சொந்த வீடு.