அதிமதுர லாலிபாப் சொத்தையைத் தடுக்குமா?

மிட்டாய் தின்றால் பல் சொத்தையாகும் என்று பிள்ளைகளை மிரட்டுகிறோம். லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் வென்யுவான் ஷி, சொத்தையைத் தடுக்கவே ஒரு மிட்டாயை உருவாக்கினார். சர்க்கரை இல்லாத லாலிபாப். உள்ளே அதிமதுர வேரின் சாறு.

அது குறிவைப்பது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்ற பாக்டீரியாவை. 1924-இல் பிரிட்டனில் கிலியன் கிளார்க் அடையாளம் கண்ட கிருமி இது. நாம் தின்னும் சர்க்கரையில் ஒரு பங்கைப் பசையாக்கிப் பல்லில் ஒட்டிக்கொள்ளும். மீதியை லாக்டிக் அமிலமாக்கும். பல்லின் மேல் பிஎச் அளவு சுமார் 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும். உமிழ்நீர் அதை மெல்லச் சரிக்கட்டும். அதற்குள் அடுத்த பிஸ்கட் வந்துவிட்டால் பாவம், உமிழ்நீர் என்ன செய்யும்?

சீன அதிமதுரத்தில் உள்ள கிளிசரைசால் ஏ என்ற சேர்மம் இந்தக் கிருமியைக் கொல்வதை ஷியின் குழு ஆய்வகத்தில் கண்டது. பிறகு மழலையர் பள்ளிப் பிள்ளைகளுக்கு லாலிபாப் கொடுத்துப் பார்த்தார்கள். கிருமி அதிகமிருந்த பிள்ளைகளுக்கு அது குறைந்தது. நிறுத்திய சில வாரங்களில் மறுபடி ஏறத் தொடங்கியது. அங்கே எண்ணப்பட்டவை கிருமிகள்தான். புதுச் சொத்தை குறைந்ததா என்பது வேறு கேள்வி. தவிர, நம்மூர் நாட்டுமருந்துக் கடையில் பெரும்பாலும் கிடைப்பது வேறு இன அதிமதுரம். அதை அதிகம் தின்றால் ரத்த அழுத்தம் ஏறும் என்பதையும் மறக்கக் கூடாது.

வேம்பு, கிராம்பு பற்றிய பல ஆய்வுகளும் இப்படித்தான். கண்ணாடித் தட்டில் வளர்த்த கிருமி சாற்றில் எளிதாகச் சாகும். பல்லிடுக்கில் பசைப் படலத்துக்குள் பதுங்கிய கிருமியிடம் அதே சாறு போய்ச் சேருவதே கடினம். சேர்ந்தாலும் எச்சில் கழுவிவிடும். வேப்பங்குச்சியை நான் குறை சொல்லவில்லை. நன்றாக மென்று தேய்த்தால் அந்த நாரே படலத்தைச் சுரண்டும். பாதிப் பலன் அந்தத் தேய்ப்பில்தான்.

ஆனால் கரைந்த எனாமலைத் திரும்பக் கெட்டிப்படுத்த உதவுவது ஃபுளோரைடு. மூலிகைப் பற்பசை வாங்குகிறவர்கள் அட்டையைத் திருப்பி அது இருக்கிறதா என்று பாருங்கள், பலவற்றில் இருக்காது. இருந்தால் 1000 பிபிஎம்-க்குக் குறையாமல் இருக்கட்டும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஓர் அரிசி அளவு பசை போதும்.

கிராம்புத் தைலம் வலியை மரக்கவைக்கும், குழியை அடைக்காது. வலி நின்றாலும் பல் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.