கழுத்துப் பிடியும் விதியும்

எலெக்ட்ரானிக் சிட்டியில் வாழும் தமிழன்பர்களின் பிள்ளைகள் ஆடக்கூடிய கற்பனைப் போர் விளையாட்டுகளுள் ஒன்று, 1974-இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’. அதன் 2014-ஆம் ஆண்டு விதிப்படி, பற்றுவோனும் பற்றப்படுவோனும் இருபது முகப் பகடையை உருட்டுவர். பிடிபட்டவன் இடம்பெயர இயலாது. மூச்சை அடக்கிக்கொண்டவன் அரை நிமிடமேனும் தாங்குவான்.

மெய்யுடல் அத்தகையதன்று. கழுத்து நாடிகள் நெரிபட்டால் பத்து நொடியளவிலேயே நினைவு தப்பக்கூடும். ஆதலின் ஒலிம்பிக் மல்யுத்தத்தில் நெரித்தலுக்குத் தடையுண்டு. ஜூடோ அதற்கு இடமளிப்பினும், எதிராளி இருமுறை தட்டியதும் பிடியை விடவேண்டும். மைசூர் அரண்மனையில் விஜயதசமியன்று நிகழும் வஜ்ரமுஷ்டிப் போரும், தலையில் முதற்குருதி கண்டதும் நின்றுவிடும்.

நிறுத்தும் இடத்தை வகுப்பதே விதியின் உயிர். பகடையில் கண்ட பிடியைத் தோழன் கழுத்தில் சோதித்தலாகாதென நம் பிள்ளைகளுக்கு உணர்த்துவோமாக.