எடை குறைப்பு ஆபரேஷனுக்குப் பின் முடி கொட்டினால்



உடல் எடையைக் குறைக்க இரைப்பை ஆபரேஷன் செய்துகொண்ட சகோதரிகள் சிலர், மூன்று நான்கு மாதம் கழித்து மருத்துவ உதவி கேட்டு நம் அலுவலகம் வருகிறார்கள். சர்க்கரை இறங்கியிருக்கும், முழங்கால் வலி குறைந்திருக்கும். ஆனால் கையிலுள்ள ரசீதுகளில் பாதி தலைமுடிக்கானவை: தி.நகரில் வாங்கிய எண்ணெய், மயிலாப்பூரில் வாங்கிய நாட்டு மருந்து, அடையாறில் ஒரு கிளினிக்குக்குக் கட்டிய முன்பணம். சீப்பில் கொத்தாக வரும் முடியைப் பார்த்து, "இந்த ஆபரேஷன் வேண்டாம் என்று அப்போதே சொன்னேனே" என்று வீட்டில் ஒருவர் சொல்லியிருப்பார். மருத்துவர் "மறுபடி வந்துவிடும்" என்று ஒரே வார்த்தையில் அனுப்பியிருப்பார். அந்த ஒரு வார்த்தை சரியானதுதான். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு.

நம் தலையில் ஏறக்குறைய 1 லட்சம் முடிகள் உள்ளன. பத்தில் ஒன்பது பங்கு எப்போதும் வளர்ந்துகொண்டிருக்கும். மீதி ஓய்வில் இருக்கும். ஓய்வு சுமார் 3 மாதம். அது முடிந்ததும் பழைய முடி உதிர்ந்து, அதே வேரிலிருந்து புதியது கிளம்பும். நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி எல்லோருக்கும் உதிர்கிறது. உடலுக்குப் பெரிய அதிர்ச்சி வந்தால், வளர்ந்துகொண்டிருந்த முடியிலும் ஒரு பகுதி ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய்விடும். உதிர்வது மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும். டைபாய்டு, டெங்கு, கொரோனா வந்து போனபின்னும், பிரசவத்துக்குப் பின்னும் முடி கொட்டியதை நம் வீடுகளில் பார்த்திருக்கிறோம். இதுவும் அதுவேதான். ஆபரேஷனும், அதன்பின் எடை வேகமாக இறங்குவதும் உடலுக்கு அதிர்ச்சிகளே. எனவே இன்று கையோடு வரும் முடி, மூன்று மாதத்துக்கு முன்பே வேரை விட்டுவிட்ட முடி. எந்த எண்ணெயும் அதைத் திரும்ப ஒட்டவைக்காது. வேர் சாகவில்லை என்பதே ஆறுதல்.

பெரும்பாலும் 3ஆம் அல்லது 4ஆம் மாதம் தொடங்கி, ஆறு மாத அளவில் கொட்டுவது அடங்கும். முடி மாதத்துக்கு 1 சென்டிமீட்டர்தான் வளரும் என்பதால், பழைய அடர்த்தி கண்ணுக்குத் தெரிய ஓராண்டு, அதற்கு மேலும் ஆகலாம்.

நிபந்தனை சாப்பாட்டில் இருக்கிறது. சுருக்கிய வயிற்றில் நான்கைந்து வாய்க்கு மேல் இறங்காது. அந்த இடத்தைக் கஞ்சியும் இட்லியும் பிடித்துக்கொண்டால் புரதத்துக்கு இடமில்லை. புரதம் குறைந்தால் உடல் இதயத்தையும் தசையையும்தான் முதலில் கவனிக்கும். முடி கடைசி வரிசை. ஆபரேஷன் செய்தவர்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு நாளொன்றுக்கு 60 முதல் 80 கிராம் புரதம். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் 6, வெந்த கோழிக்கறி 100 கிராமில் 25க்கு மேல். மீன், பருப்பு, சுண்டல், தயிர் எல்லாம் கணக்கில் சேரும். பிரியாணித் தட்டு முன்னால் வந்தால் முதலில் கறியைச் சாப்பிடுங்கள், இடமிருந்தால் சோறு. (நம் விருந்துகளில் இதைச் செய்வது எளிதல்ல என்பது நமக்கும் தெரியும்.) சாப்பாட்டோடு தண்ணீர் குடித்து வயிற்றை நிரப்பிக்கொள்ள வேண்டாம்.

அடுத்தது இரும்புச்சத்து, துத்தநாகம், பி12, ஃபோலிக் அமிலம். மருத்துவர் எழுதிய சத்து மாத்திரைகளை, உடம்பு இளைத்துவிட்டது என்று நான்காம் மாதம் நிறுத்திவிடுகிறார்கள். முடி கொட்டுவது நீடிக்க இது ஒரு முக்கியக் காரணம். இரும்பு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விட்டுச் சாப்பிடுங்கள். இரும்பு மாத்திரை போட்டதும் டீ வேண்டாம். காப்ஸ்யூலின் மேலுறை எதனால் ஆனது என்ற சந்தேகம் இருந்தால் மாத்திரையாகத் தரச் சொல்லிக் கேளுங்கள். அதற்காக மருந்தையே விட்டுவிடாதீர்கள். முடிக்கென்று விற்கும் பயோட்டினை அதிக அளவில் சாப்பிடுபவர்களுக்குத் தைராய்டு சோதனையும், மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் சோதனையும் தவறான முடிவு காட்டக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017லேயே எச்சரித்திருக்கிறது. ரத்தம் கொடுக்கும்போது இதைச் சொல்லிவிடுங்கள்.

முக்காடு இருப்பதால் முடி கொட்டுவது வெளியில் யாருக்கும் தெரிவதில்லை. அதனாலேயே பலர் ஒருவரிடமும் சொல்லாமல் மனம் புழுங்குகிறார்கள். குளித்த ஈரத்தோடு இறுக்கிக் கட்டி மேலே முக்காடு போடாதீர்கள்; காயவிட்டுத் தளர்வாகக் கட்டுங்கள். சவுரி, விக் பற்றிய மார்க்கச் சட்டத்தை உங்கள் பள்ளிவாசல் ஆலிமிடம் கேளுங்கள்.

ரமலான் பற்றி அதிகம் கேட்கிறார்கள். நோயாளி வேறு நாட்களில் நோற்கலாம் என்ற சலுகை அல்பகரா அத்தியாயத்தின் 184, 185ஆம் வசனங்களில் இருக்கிறது. ஆபரேஷனான முதல் ஆண்டில், ஒரு நாளின் தண்ணீரையும் புரதத்தையும் இஃப்தாருக்கும் ஸஹருக்கும் இடையே அந்தச் சிறிய வயிற்றில் சேர்ப்பது மிகக் கடினம். ஆபரேஷன் செய்த மருத்துவரைக் கேட்காமல் நோன்பு வைக்க வேண்டாம். அனுமதி கிடைத்தவர்களும் நோன்புக் கஞ்சியால் வயிற்றை நிரப்பிவிடாமல் முட்டை, கறி, பாலுக்கு இடம் வையுங்கள்.

சிலவற்றுக்குக் காத்திருக்கக் கூடாது. வட்ட வட்டமாக முடி போனாலோ, ஓராண்டு தாண்டியும் கொட்டினாலோ, ஓராண்டுக்குப் பிறகு புதிதாகத் தொடங்கினாலோ, காலில் வீக்கம் வந்தாலோ மருத்துவரிடம் போக வேண்டும். ஓயாத வாந்தியோடு கால் மரத்துப்போவது, நடை தள்ளாடுவது, பார்வை இரண்டாகத் தெரிவது பி1 வைட்டமின் குறைவாக இருக்கலாம். அது அவசரம், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

தோல் மருத்துவரைப் பார்க்க வசதியில்லாதவர்கள் ராயப்பேட்டை அரசு மருத்துவமனைக்குப் போகலாம். எண்ணெய்க்கும் முடி கிளினிக்குக்கும் நம் அறக்கட்டளை உதவி தருவதில்லை. ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், பி12 சோதனைகளுக்கும், மருத்துவர் எழுதிய சத்து மாத்திரைகளுக்கும் தருகிறோம். டிஸ்சார்ஜ் சம்மரியும் மருந்துச் சீட்டும் எடுத்துக்கொண்டு அஸருக்குப் பின் அலுவலகம் வாருங்கள். பெண்கள் பேச ஒரு சகோதரி இருப்பார்.

வஸ்ஸலாம்.
செயலாளர்