கண்டெடுத்த காசும் கண்ட இடமும்

நாலாசோபாரா என்றதும் நம்மவருக்கு விரார் வண்டியின் நெரிசல்தான் நினைவுக்கு வரும். அவ்வூர் ஒரு காலத்தில் சூர்ப்பாரகம் என்ற பெயருடன் விளங்கிய துறைமுகம். அங்குள்ள பௌத்தத் தூபியை 1882ஆம் ஆண்டில் பகவான்லால் இந்திரஜி என்ற அறிஞர் அகழ்ந்தார். உள்ளே புத்தர் உருவங்களோடு யக்ஞஸ்ரீ சாதகர்ணி என்னும் சாதவாகன மன்னனின் வெள்ளிக் காசு ஒன்றும் கிடைத்தது. இவ்வகைக் காசுகளில் ஒரு பக்கம் பிராகிருதம். மறுபக்கத்தில் உள்ளது பழந்தமிழே என்று கூறும் அறிஞர்களும் உண்டு. மும்பைத் தமிழர் பெருமைப்படத் தக்க செய்தி அல்லவா?

இதே காசு சோர் பஜாரில் கைமாறியிருந்தால், நமக்கு அதன் விலை மட்டுமே தெரிந்திருக்கும். எங்கே, எதனோடு சேர்ந்து கிடைத்தது என்று ஒருவர் எழுதி வைத்ததால்தான் அது வரலாறாயிற்று. பொருளைப் போலவே அது கிடந்த இடமும் ஒரு செல்வம்.

இருப்புப்பாதைத் துறையில் பணியாற்றியவனுக்கு இது புதிதல்ல. தண்டவாளத்தில் விரிசலைக் கண்ட கேங்மேன், "எங்கேயோ விரிசல் இருக்கிறது" என்று சொன்னால் யாருக்கு என்ன பயன்? எத்தனையாவது கிலோமீட்டர், எந்த இரண்டு கம்பங்களுக்கு நடுவே, இடப்பக்கமா வலப்பக்கமா என்று குறித்தால்தான் வேலை நடக்கும். ஆனால் இதே இருப்புப்பாதைதான் ஹரப்பாவுக்குப் பெருங்கேடு செய்தது. லாகூர் - முல்தான் பாதையில் ஏறத்தாழ நூறு மைல் தூரத்துக்கு ஹரப்பாவின் பழஞ்செங்கற்களே ஜல்லியாகப் போயின என்று அலெக்சாண்டர் கன்னிங்ஹாம் எழுதி வைத்திருக்கிறார். எந்தக் கல் எந்தச் சுவரில் இருந்தது என்பது இனி யாருக்கும் தெரியப் போவதில்லை.

இன்று இடத்தைக் குறித்து வைப்பது எளிதாகிவிட்டது. இங்கிலாந்தில் மெட்டல் டிடெக்டர் கருவியுடன் வயல்களில் பழம்பொருள் தேடுவது பலருக்குப் பொழுதுபோக்கு. அவர்களுக்கென்றே மொபைல் செயலிகள் வந்துள்ளன. பொருள் கிடைத்ததும் ஒரு பொத்தானை அழுத்தினால், செயற்கைக்கோள் உதவியால் அட்சரேகை, தீர்க்கரேகை, நாள், நேரம் எல்லாம் பதிவாகிவிடும். படம், ஆழம், உலோகத்தின் வகை ஆகியவற்றை நாம் சேர்க்கலாம். திறந்த வெளியில் சுமார் ஐந்து மீட்டர் பிழைக்குள் இடம் தெரியும். தாராவிச் சந்துகளிலும் செம்பூரின் உயர்ந்த கட்டடங்களுக்கு இடையிலும் பிழை கூடும். அங்கே நாடாவால் அளந்து எழுதுவதே மேல்.

செயலி வருமுன்பே இப்பண்புக்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1992 நவம்பர் 16 அன்று ஹாக்ஸ்னி என்ற ஊரில், எரிக் லாஸ் என்பவர் ஒரு விவசாயியின் தொலைந்த சுத்தியலைத் தேடிக் கருவியுடன் சென்றார். கிடைத்ததோ ரோமானியர் காலத்துப் புதையல்! சிறிது எடுத்ததுமே தோண்டுவதை நிறுத்தித் தகவல் கொடுத்துவிட்டார். மறுநாள் தொல்லியலாளர் வந்து முறைப்படி அகழ்ந்தனர். ஏறத்தாழ 15,000 காசுகள் கிடைத்தன. அவை மரப்பெட்டியில் எப்படி அடுக்கப்பட்டிருந்தன என்பதும் தெரிந்தது. பரிசாகக் கிடைத்த 17.5 லட்சம் பவுனை விவசாயியுடன் அவர் பகிர்ந்துகொண்டார். அந்தச் சுத்தியலும் இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது!

நம் நாட்டுக்கு வருவோம். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்றும் நடப்பில் உள்ளது. பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலைக் கண்டெடுத்தவர், கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். என்ன பொருள், எவ்வளவு, எந்த இடம், எந்த நாள் என்பவற்றை அதில் எழுத வேண்டும். செயலி கேட்பதும் இதே நான்கு கேள்விகளைத்தானே! மறைத்தால் ஓராண்டு வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ உண்டு. முறைப்படி தெரிவித்தவருக்குச் சட்டத்தில் பங்கும் உண்டு. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்களில் உரிமமின்றித் தோண்டுவதும் குற்றமே.

இதில் நமக்கென்ன என்று கேட்கலாம். தாராவியிலும் மாட்டுங்காவிலும் வாழும் நம்மில் பலருக்குத் திருநெல்வேலிச் சீமைதான் பூர்வீகம். அந்தத் தாமிரபரணிக் கரையில்தான் ஆதிச்சநல்லூர், கொற்கை, சிவகளை ஆகிய ஊர்கள் உள்ளன. சிவகளையில் கிடைத்த இரும்பு பொ.ஆ.மு. 3345 வரை பழமையானது என்று தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் அறிவித்தது. இரும்போடு ஈமத்தாழிகளில் கிடந்த கரியையும் பானை ஓடுகளையும் ஆய்ந்துதான் இம்முடிவுக்கு வந்தார்கள். யாரேனும் இரும்பை மட்டும் உருவி எடுத்துக் காயலான் கடையில் போட்டிருந்தால், ஐயாயிரம் ஆண்டுகள் எடைக்கு எடை போயிருக்கும்.

விடுமுறையில் ஊருக்குப் போகிறோம். பழைய வீட்டை இடித்துக் கட்டுகிறோம், கிணறு தூர் வாருகிறோம். மண்ணுக்குள் தாழியோ காசோ தென்பட்டால் செய்ய வேண்டியவை இவை:

முதலில் வேலையை நிறுத்துங்கள். பொருளைக் கழுவவோ புளி போட்டுத் தேய்க்கவோ வேண்டாம். மொபைல் கேமராவில் இடப்பதிவு வசதியை இயக்கி, பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து, கிடந்த நிலையிலேயே படம் எடுங்கள். ஆழத்தையும், கூடக் கிடந்த ஓடு, கரி, எலும்பு போன்றவற்றையும் எழுதுங்கள். பிறகு கிராம நிர்வாக அலுவலர் அல்லது தாசில்தாரிடம் சொல்லுங்கள். அவர்கள் மூலம் செய்தி கலெக்டருக்குப் போகும்.

இரண்டு எச்சரிக்கைகள். படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் இடக்குறிப்பு உதிர்ந்துவிடும். மூலப்படத்தை அழிக்காமல் வைத்திருங்கள். இடத்தை ஊருக்கெல்லாம் பறைசாற்றவும் வேண்டாம். இரவோடு இரவாகத் தோண்ட ஆட்கள் வந்துவிடுவார்கள். இங்கிலாந்திலும் சரியான இடத்தைப் பொதுமக்களுக்கு மேலோட்டமாகவே காட்டுகிறார்கள்.

மொபைலையே மெட்டல் டிடெக்டராக மாற்றுவதாகச் சொல்லும் செயலிகளையும் நம்பி ஏமாற வேண்டாம். அவை மொபைலில் உள்ள காந்த உணரியைக் கொண்டு வேலை செய்பவை. அருகிலுள்ள இரும்பைக் காட்டலாம். பொன்னையும் வெள்ளியையும் காட்டா.

பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்தோம். பாட்டன் பூட்டன் கதையைச் சொல்ல நம் பிள்ளைகளுக்கு அங்கே எஞ்சியிருப்பது அந்த மண்தான். அந்த மண் ஒரு பொருளைக் காட்டும்போது, அது கிடந்த இடத்தையும் சேர்த்துக் காப்பது நம் கடமை. அதற்கு வேண்டிய கருவி ஏற்கெனவே நம் சட்டைப்பையில் இருக்கிறது.