கண்ணாடி கிளாஸ் யாருக்கு?

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் பூவேலைப்பாடு கொண்ட கண்ணாடிக் குவளைகளை இன்றும் பார்க்கலாம். வசதியான வீடுகளில் விருந்தாளிக்கென அலமாரியில் இருந்தவை.

ஊர் டீக்கடையில் கண்ணாடிக்கு அர்த்தமே வேறு. பல கடைகளில் ஊர்த்தெருக்காரருக்கு எவர்சில்வர் டம்ளர். சேரிக்காரருக்குத் தனிக் கண்ணாடி கிளாஸ், அதற்கும் முன்பு கொட்டாங்கச்சி. குடித்தவரே கழுவித் தனியாகக் கவிழ்த்துவிட்டுப் போக வேண்டும். பெஞ்சும் கிடையாது.

டீக்கடைப் பாத்திரத்தைத் தீண்டாமை காரணமாக மறுப்பது குடியுரிமைகள் பாதுகாப்புச் சட்டம் 1955-இன்படி குற்றம். ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை.

இப்போது பேப்பர் கப். எல்லாருக்கும் என்றால் சரி. சிலருக்கு மட்டும் என்றால் அது பழைய தனிக்குவளைதான், கசக்கி எறிந்ததும் தடயமும் போய்விடும். புகார் எழுதும்போது, பக்கத்தில் நின்றவருக்கு எதில் டீ கொடுத்தார்கள் என்பதையும் மறக்காமல் குறிப்பிடுங்கள்.