வாயுவை உள்ளே தள்ளும் கிணறு: இரண்டு கோடுகளும் ஒரு சந்தேகமும்

எங்க ஊர் ராசிங்காபுரத்தில் எண்ணெய்க் கிணறு எதுவும் கிடையாது. போடி பக்கம் எங்கே தோண்டினாலும் கெட்டிப் பாறைதான்; அதில் எண்ணெயும் வாயுவும் தேங்குவதற்கு வழியில்லை. இருந்தாலும் சில மாதங்களாக நான் படித்துக்கொண்டிருப்பது வாயு உட்செலுத்துக் கிணறுகளைப் பற்றி. அதாவது பூமியிலிருந்து வாயுவை எடுக்கும் கிணறு அல்ல, மேலிருந்து கீழே தள்ளும் கிணறு. அதை மென்பொருளில் எப்படிக் கணக்குப் போடுகிறார்கள், அந்தக் கணக்கு எங்கே நம்மை ஏமாற்றும் என்பதைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

முதலில், ஏன் தள்ள வேண்டும்? காரணங்கள் பல. எண்ணெயோடு சேர்ந்து வரும் வாயுவைத் திரும்ப உள்ளே அனுப்பினால் பாறையின் அழுத்தம் குறையாமல் இருக்கும், மிச்ச எண்ணெயும் நகர்ந்து வரும். குளிர் நாடுகளில் கோடையில் வாயுவைப் பாறைக்குள் சேமித்து வைத்து, குளிர்காலத்தில் எடுத்துக்கொள்கிறார்கள். இப்போது கார்பன் டை ஆக்சைடைக் காற்றில் விடாமல் பூமிக்குள் அடைக்கவும் இதே கிணறுகள்தான். இந்தியாவிலும் பேச்சு தொடங்கிவிட்டது. குஜராத்தின் கோயாலி சுத்திகரிப்பு ஆலையில் வரும் கார்பன் டை ஆக்சைடை காந்தார் எண்ணெய் வயலுக்குள் செலுத்துவதற்காக ஓஎன்ஜிசியும் இந்தியன் ஆயிலும் 2019இல் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டன.

முதல் கோடு: குழாய்

ப்ராஸ்பர், பைப்சிம் போன்ற மென்பொருள்களைத் திறந்தால் நூறு கட்டங்கள் நிரப்பச் சொல்லும். பயப்பட வேண்டாம். அடியில் இருப்பது இரண்டே கோடுகள்தான். 1954இல் கில்பர்ட் என்ற பொறியாளர் கிணற்றைக் குழாய் என்றும் பாறை என்றும் இரண்டாகப் பிரித்துப் பார்த்த அதே வழி. 'நோடல் அனாலிசிஸ்' என்று பெயர்.

குழாயை எடுத்துக்கொள்வோம். கம்ப்ரஸர் கிணற்றின் தலையில் 150 பார் அழுத்தம் கொடுக்கிறது என்று வையுங்கள். (1 பார் என்பது கிட்டத்தட்ட நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம், 10 மீட்டர் தண்ணீரின் எடை தரும் அழுத்தமும் ஏறத்தாழ அதுவே.) கிணற்றின் ஆழம் 2000 மீட்டர். அடியில் அழுத்தம் என்ன?

இரண்டு விஷயங்கள் ஒன்றையொன்று எதிர்க்கும். ஒன்று, குழாயில் நிற்கும் வாயுவின் சொந்த எடை. அது நமக்கு உதவி. இன்னொன்று உராய்வு. அது நமக்குச் செலவு. தண்ணீராக இருந்தால் 2000 மீட்டருக்கு எடை மட்டும் 196 பார் கூடிவிடும். இயற்கை வாயு லேசு. நான் கணக்குப் போட்டதில் 24 பார்தான் கூடுகிறது. ஆக, ஓட்டம் இல்லாதபோது அடியில் 174 பார். ஓட்டம் தொடங்கியதும் உராய்வு அதைத் தின்ன ஆரம்பிக்கும். ஓட்டம் இரண்டு மடங்கானால் உராய்வு ஏறத்தாழ நான்கு மடங்கு. எனவே முதல் கோடு இடப்பக்கம் 174இல் தொடங்கி, ஓட்டம் கூடக் கூடக் கீழே வளைகிறது. 'இவ்வளவு தள்ளினால் அடியில் இவ்வளவு அழுத்தம்தான் மிஞ்சும்' என்று சொல்லும் கோடு இது.

கார்பன் டை ஆக்சைடு வேறு ரகம். அதன் மாறுநிலை 31 டிகிரி செல்சியஸ், 74 பார். அதைத் தாண்டினால் வாயுவா திரவமா என்று சொல்ல முடியாத அடர்த்தியான நிலை. ஒரு கன மீட்டர் 700 கிலோ என்று வைத்தால், 2000 மீட்டருக்கு 137 பார் சும்மா கிடைக்கும். ஆனால் அந்த எல்லைக்குப் பக்கத்தில் ஒன்றிரண்டு டிகிரி மாறினாலே அடர்த்தி தலைகீழாக மாறும். அதனால் இந்தக் கிணறுகளுக்கு வெப்பநிலையையும் அடி அடியாகக் கணக்கிட்டே ஆக வேண்டும்.

இரண்டாவது கோடு: பாறை

பாறை எவ்வளவு குடிக்கும்? அடியில் நாம் கொடுக்கும் அழுத்தம் பாறைக்குள் ஏற்கனவே இருக்கும் அழுத்தத்தைவிட அதிகமாக இருந்தால்தான் வாயு உள்ளே போகும். வாயுவுக்கு அழுத்தங்களின் வர்க்கத்தைக் கழிப்பது வழக்கம். 1936இல் ராலின்ஸ், ஷெல்ஹார்ட் இருவரும் வாயுக் கிணறுகளுக்காகக் கண்டுபிடித்த சூத்திரம் அது. உற்பத்திக் கிணற்றுக்கு எழுதியதை இங்கே குறி மாற்றிப் போட்டுக்கொள்கிறோம். இந்தக் கோடு பாறையின் அழுத்தத்தில் தொடங்கி மேலே ஏறும். அதிகம் தள்ள வேண்டுமானால் அதிக அழுத்தம் வேண்டும் என்பதுதான் பொருள்.

இரண்டு கோடுகளும் வெட்டும் இடம்தான் கிணறு உண்மையில் ஓடும் இடம். அவ்வளவுதான் விஷயம்.

எக்ஸெலில் ஒரு கற்பனைக் கிணறு செய்து பார்த்தேன். பாறை அழுத்தம் 120 பார், மூன்றரை அங்குலக் குழாய். கோடுகள் வெட்டிய இடம்: நாளொன்றுக்கு 4 லட்சம் கன மீட்டர், அடியில் 162 பார். உராய்வு 12 பாரைத் தின்றிருந்தது. அதையே இரண்டே முக்கால் சொச்ச (2⅞) அங்குலக் குழாயாக மாற்றினால் 3.1 லட்சமாக இறங்கிவிடுகிறது. பாறையும் கம்ப்ரஸரும் மாறவில்லை, குழாய் மட்டும்தான் மாறியது. இந்த மாதிரிக் கேள்விகளுக்கு மென்பொருள் அருமையாகப் பதில் சொல்லும்.

ஓட்டம் குறைந்தால் யார் காரணம்?

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. கிணறு ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு வருடம் கழித்து ஓட்டம் குறைகிறது, அடி அழுத்தம் ஏறுகிறது. என்ன ஆயிற்று?

என் கற்பனைக் கிணற்றில் இரண்டு விதமாகக் கெடுத்துப் பார்த்தேன். முதல் விதம்: தள்ளித் தள்ளிப் பாறை நிரம்பி அதன் அழுத்தம் 120இலிருந்து 140 பாராகிவிட்டது. புதிய வெட்டுப்புள்ளி 2.9 லட்சம், அடியில் 167.5 பார். இரண்டாவது விதம்: பாறை அப்படியே 120இல் இருக்கிறது, ஆனால் கிணற்றின் வாயருகே அடைப்பு ஏற்பட்டு, பாறை குடிக்கும் திறன் பாதியாகிவிட்டது. வெட்டுப்புள்ளி 2.4 லட்சம், அடியில் 169.5 பார்.

இரண்டிலும் ஓட்டம் குறைகிறது, இரண்டிலும் அடி அழுத்தம் ஏறுகிறது. எண்கள் கொஞ்சம் வேறு. ஆனால் அடைப்பைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்தால் முதல் எண்ணையே இரண்டாவது காரணத்தாலும் வரவைக்கலாம். மென்பொருளில் இதற்கு 'மேட்ச்' என்று ஒரு பொத்தான் உண்டு. அளந்த எண்ணோடு கோடு பொருந்தும்வரை ஏதாவது ஒன்றை மாற்றும். எதை மாற்றச் சொல்கிறோமோ அதை மாற்றிப் பொருத்திக் காட்டிவிடும். பொருந்திவிட்டது என்பதாலேயே காரணம் சரி என்று ஆகாது.

எங்க பக்கத்து விவசாயிகளுக்கு இது நன்றாகப் புரியும். வற்றிய போர்வெல்லுக்குள் மழைத்தண்ணீரை விடுகிறோம். முதல் மழைக்கு மடமடவென்று குடிக்கிறது. மூன்றாவது மழைக்கு வாய்வரை நின்றுவிடுகிறது. நிலத்தடி நீர் நிரம்பிவிட்டதா, இல்லை வண்டல் போய்ப் பாறை வெடிப்பை அடைத்துவிட்டதா? நிற்கும் தண்ணீரைப் பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. முதலாவது சந்தோஷம், இரண்டாவது நஷ்டம். விடுவதை நிறுத்திவிட்டு, மட்டம் எப்படி இறங்குகிறது, எங்கே போய் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். பக்கத்துத் தோட்டத்துப் போரிலும் மட்டம் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

வாயுக் கிணற்றுக்கும் அதே வைத்தியம். கிணற்றை மூடிவிட்டு அடி அழுத்தம் எப்படி இறங்குகிறது என்று மணிக்கணக்கில், நாள்கணக்கில் அளப்பார்கள். வாயருகே அடைப்பு என்றால், ஓட்டம் நின்றவுடனேயே அழுத்தம் சட்டென்று விழுந்து பழைய 120ஐ நோக்கிப் போகும். ஏனென்றால் கூடுதல் அழுத்தம் முழுதும் அந்த அடைப்பில்தான் செலவாகிக்கொண்டிருந்தது. பாறையே நிரம்பியிருந்தால் மெல்ல இறங்கி 140 பக்கத்தில் நின்றுவிடும். அதற்குக் கீழே வராது.

ஸ்னோவிட் சொன்ன பாடம்

இது வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல. நார்வேயின் வடக்கே, பேரண்ட்ஸ் கடலில் ஸ்னோவிட் என்று ஒரு வாயு வயல். எடுக்கும் வாயுவில் 5 முதல் 8 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு. ஹாமர்ஃபெஸ்ட் அருகே மெல்கோயா தீவில் அதைப் பிரித்து, 150 கிலோமீட்டருக்கு மேல் கடலடிக் குழாயில் திருப்பி அனுப்பி, 2008 ஏப்ரல் முதல் கடலடியில் டூபோன் என்ற மணற்பாறை அடுக்குக்குள் தள்ளினார்கள்.

கொஞ்ச நாளிலேயே அழுத்தம் எதிர்பார்த்ததைவிட வேகமாக ஏறியது. முதல் சந்தேகம் வாயருகே அடைப்பு. அது நியாயமான சந்தேகம்தான்: உலர்ந்த கார்பன் டை ஆக்சைடு பாறையிலுள்ள உப்புநீரை உறிஞ்சும்போது உப்பு அங்கேயே படிந்துவிடும். கிளைக்கால் கலந்த திரவத்தை அவ்வப்போது உள்ளே விட்டார்கள், நிலைமை தேறியது. ஆனாலும் நீண்டகால ஏற்றம் நிற்கவில்லை. கிணற்றை மூடிய நேரங்களில் அழுத்தம் இறங்கிய விதத்தையும், மறுபடி எடுத்த நில அதிர்வுப் படங்களையும் சேர்த்துப் பார்த்தபோது விஷயம் தெளிவானது. உள்ளே போனது தூரமாகப் பரவ வழியில்லை. மணற்பாறை நினைத்த அளவுக்கு ஒன்றோடொன்று தொடர்புடையதாக இல்லை. அதாவது, இரண்டு நோயும் ஒரே கிணற்றில். முதலாவதைக் குணப்படுத்தியதும் இரண்டாவது வெளியே தெரிந்தது.

அழுத்தம் பாறையைப் பிளக்கக்கூடிய வரம்பை நெருங்கவே, 2011இல் டூபோனை விட்டுவிட்டு, அதே கிணற்றில் மேலே இருக்கும் ஸ்டோ என்ற அடுக்கில் துளை போட்டுத் தள்ள ஆரம்பித்தார்கள். கிணறும் பிழைத்தது, பாறையும் பிழைத்தது.

அதே நாட்டில் ஸ்லைப்னர் வயலில் 1996 முதல் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 லட்சம் டன் வீதம் ஒரே கிணற்றில் தள்ளியும் இந்தத் தொல்லை வரவில்லை. அங்கே உட்சிரா மணற்பாறை அவ்வளவு பெரியது, அவ்வளவு தாராளமாகக் குடிப்பது. அந்த அனுபவத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஸ்னோவிட்டின் தலையெழுத்தைச் சொல்லியிருக்க முடியாது.

ஏன் இது முக்கியம்

ஓட்டம் குறைந்ததும் மேலாளர் மனதில் வரும் முதல் யோசனை 'கம்ப்ரஸரைக் கூட்டு' என்பதுதான். என் கற்பனைக் கிணற்றில், பாறை நிரம்பிய நிலையிலும் தலையில் 13 பார் கூட்டினால் மறுபடி 4 லட்சம் ஓடும். கணக்கு இடம் கொடுக்கிறது, செலவும் பெரிதில்லை. ஆனால் அடைப்பு இருக்கும்போது கூட்டும் அழுத்தம் கிணற்றைச் சுற்றிச் சில அடிகளுக்குள்ளேயே தீர்ந்துவிடும். பாறை நிரம்பியிருக்கும்போது கூட்டும் அழுத்தமோ நெடுந்தூரம் பரவி, மேலே மூடிபோல் கிடக்கும் பாறையின் அடிவயிற்றை முழுவதுமாக உந்தும். அல்ஜீரியாவின் இன் சாலாவில் 2004 முதல் தள்ளியபோது மேலே பாலைவனத் தரை ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் வீதம் உயர்ந்ததைச் செயற்கைக்கோள்கள் அளந்தன. மூடுபாறை தாங்குமா என்ற கவலையில் 2011இல் அங்கே தள்ளுவதை நிறுத்தினார்கள்.

ஆக, இரண்டு கோடுகள் இன்றைக்குக் கிணறு எவ்வளவு குடிக்கிறது என்பதைச் சொல்லும். நாளைக்கும் அதே அளவு குடிக்குமா என்பதைச் சொல்லாது. அதற்கு பாறையின் அளவு தெரிய வேண்டும். அது தெரிய, கிணற்றை நிறுத்திக் காத்திருக்க வேண்டும். நிறுத்தினால் நஷ்டம் என்பதால்தான் பலரும் அந்தச் சோதனையைத் தள்ளிப்போடுவார்கள்.

காந்தாரிலோ வேறெங்கோ இந்தியாவில் பெரிய அளவில் இது தொடங்கும்போது, நாளிதழ்களில் 'இத்தனை லட்சம் டன் செலுத்தப்படும்' என்று தலைப்பு வரும். அதைப் படிக்கும்போது கூடவே மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள். அடி அழுத்தத்தை அளக்கும் கருவி கிணற்றின் அடியிலேயே இருக்கிறதா, இல்லை மேலே அளந்து கணக்குப் போடுகிறார்களா? கிணற்றை எத்தனை நாளுக்கு ஒருமுறை மூடிப் பார்க்கிறார்கள்? அழுத்தம் வரம்பை நெருங்கினால் தள்ளுவதற்கு வேறு அடுக்கு கையில் இருக்கிறதா? ஸ்னோவிட் தப்பித்தது இந்த மூன்றாவது கேள்விக்கு அவர்களிடம் பதில் இருந்ததால்தான்.