பயோஸ் அடம் பிடித்தால் லினக்ஸை அவசரப்பட்டு அழிக்காதீர்கள்

பழைய மடிக்கணினியில் லினக்ஸ் நிறுவுகிறீர்கள். நன்றாகவே ஓடுகிறது. சில நாள் கழித்து பயோஸில் ஓர் அமைப்பை மாற்றிச் சேமித்தால், அடுத்த முறை திறக்கும்போது பழையபடியே இருக்கிறது. பென் டிரைவிலிருந்து தொடங்கவும் மறுக்கிறது. மதர்போர்டு போய்விட்டது என்று முடிவு கட்டும் முன் இதைப் படியுங்கள்.

இயங்குதளம் இருப்பது வன்தட்டில். பயோஸ் என்று நாம் சொல்லும் ஃபர்ம்வேர் இருப்பதோ மதர்போர்டில் உள்ள சிறிய ஃபிளாஷ் சில்லில். அதனால் வன்தட்டில் என்ன செய்தாலும் பயோஸுக்கு ஒன்றும் ஆகாது என்று நம்புகிறோம். ஆனால் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்கு எல்லா வன்பொருளையும் தொடும் உரிமை உண்டு. அதிலுள்ள ஒரு டிரைவர் தவறினால் அந்தச் சில்லும் பாதிக்கப்படும்.

2017 அக்டோபரில் வெளிவந்த உபுண்டு 17.10 இதற்குச் சான்று. அதன் கெர்னலில் ‘இன்டெல் எஸ்பிஐ’ டிரைவர் சேர்க்கப்பட்டிருந்தது. லெனோவோவின் பல மடிக்கணினிகளிலும் வேறு சில நிறுவனங்களின் கணினிகளிலும் அது ஃபிளாஷ் சில்லை எழுத முடியாத நிலைக்குத் தள்ளியது. கனோனிக்கல் நிறுவனம் டிசம்பரில் பதிவிறக்கத்தை நிறுத்தி, 2018 ஜனவரியில் திருத்திய பதிப்பை வெளியிட்டது.

கவனியுங்கள்: சில் அழியவில்லை, பூட்டிக்கொண்டது. திருத்திய கெர்னலை அதே உபுண்டுவில் நிறுவி, அதில் ஒருமுறை தொடங்கி, மீண்டும் மறுதொடக்கம் செய்தபோது பலருக்குப் பூட்டு திறந்தது. கோபத்தில் உபுண்டுவை அழித்தவர்களோ திண்டாடினார்கள். பென் டிரைவும் வேலை செய்யாததால் திருத்தத்தை உள்ளே கொண்டுபோக வழியில்லை. கெடுத்த கதவுதான் திரும்பிப் போகும் வழியாகவும் இருந்தது.

உங்களுக்கு இப்படி நேர்ந்தால் வரிசையாகப் பாருங்கள்.

முதலில் கடிகாரம். தேதியும் நேரமும் தவறினால் மதர்போர்டிலுள்ள சிறிய பேட்டரியைச் சந்தேகியுங்கள். நேரம் சரியாக இருந்து அமைப்பு மட்டும் சேமிக்கப்படாவிட்டால் ஃபிளாஷ் சில்லைச் சந்தேகியுங்கள்.

அடுத்து, கணினி இன்னும் திறக்கிறதென்றால் எதையும் அழிக்காமல் கோப்புகளை நகலெடுத்து, கெர்னலைப் புதுப்பியுங்கள்.

அதுவும் பலிக்காவிட்டால், உங்கள் மாடல் எண்ணுக்கே உரிய பயோஸ் கோப்பைத் தயாரிப்பாளரிடமிருந்து பெற்று எழுதலாம். பேட்டரி நிறைந்து, சார்ஜரும் செருகியிருக்க வேண்டும். பாடாங் செராயில் மாலை இடிமழை இருட்டிக்கொண்டு வரும்போது இந்த வேலையைத் தொடங்காதீர்கள். எழுதும்போது மின்சாரம் நின்றால் சில் உண்மையிலேயே கெடும்.

திரையே வராவிட்டால், சில்லை வெளியிலிருந்து எழுதும் கருவி உள்ள கடையைத் தேடுங்கள். பழைய உள்ளடக்கத்தை முதலில் நகலெடுக்கச் சொல்லுங்கள். பல கணினிகளில் வரிசை எண் அதில்தான் இருக்கும்.

கெர்னலைச் சொந்தமாக உருவாக்குவோருக்கு ஒரு வார்த்தை: அந்த இன்டெல் எஸ்பிஐ தேர்வின் பக்கத்திலேயே ‘ஆபத்தானது’ என்ற எச்சரிக்கை இருக்கிறது. தேவையில்லை என்றால் தொடாதீர்கள். பழைய கெர்னலையும் தொடக்கப் பட்டியலில் விட்டுவையுங்கள்.